பயிலுநர் பயிற்சியும் தொழில்வாய்ப்பும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் வினா, "அடுத்தது என்ன?" என்பதாகும். உயர்தரம் கற்கப் போவோர், தொழில்நுட்பக் கல்லூரியை நாடுவோர், எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்காதோர் ஆகிய அனைவருக்கும் என்றேனும் ஒருநாள் உதவக்கூடியது பயிலுநர் பயிற்சியாகும்.

பயிலுநர் பயிற்சி என்றால் என்ன?

ஒரு தொழிலை வேலைத்தலத்திலேயே, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில், குறித்த காலத்துக்குச் செய்து பழகுதலே பயிலுநர் பயிற்சி எனப்படும். இது குறைந்த கல்வியுடையோருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவப் பட்டதாரி ஒருவர் வைத்தியசாலையில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெற்ற பின்னரே முழுமையான பதிவைப் பெறுகின்றார். தேசிய கல்வியியற் கல்லூரி மாணவர் தமது மூன்றாண்டுப் பாடநெறியின் இறுதி ஆண்டைப் பாடசாலையொன்றில் கட்டுறுப் பயிற்சியாகக் கழிக்கின்றார்.

இலங்கையில் பயிலுநர் பயிற்சி

இத்துறைக்கென 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்க தேசிய பயிலுநர் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இன்று இப்பணியை 'நைற்றா' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை மேற்கொள்கின்றது. இது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், மிதவைப் பாதைக்காகக் காத்திராமல் திருகோணமலை நகருக்குப் பயிற்சிக்குச் சென்று வருவது நம் பிரதேச மாணவருக்கு இலகுவாயிற்று.

நன்மைகள்

1. ஏட்டறிவு செயல்திறனாகின்றது. கணித பாடத்தில் கற்ற விகிதம் சீமெந்துக் கலவையிலும், விஞ்ஞானத்தில் கற்ற மின்சுற்று வீட்டு மின்னிணைப்பிலும் பயன்படுவதை மாணவர் நேரிற் காண்கின்றார்.

2. நேரந் தவறாமை, பாதுகாப்பு விதிகளைப் பேணல், பிறருடன் இணைந்து வேலை செய்தல் ஆகிய பழக்கங்கள் உண்டாகின்றன. சிங்களமும் ஆங்கிலமும் பேசும் வாய்ப்பும் கிடைக்கலாம்.

3. தெரிவுசெய்த தொழில் தமக்குப் பொருந்துமா என்பதை முன்கூட்டியே அறியலாம். பொருந்தாது என அறிவதும் ஒரு பயனே.

4. மாணவரின் உழைப்பை நேரிற் கண்ட நிறுவனமே பின்னர் அவரை வேலைக்கு அமர்த்தவோ, சான்றுரை வழங்கவோ கூடும்.

சான்றிதழின் அவசியம்

படகு எஞ்சின் திருத்தும் பட்டறையொன்றில் நான்கு ஆண்டுகள் பழகிய இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது கைத்திறனை ஊரார் அறிவர். ஆயினும் கொழும்பிலோ கட்டாரிலோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அத்திறனைக் காட்ட அவரிடம் ஒரு தாளும் இல்லை. தொழில் தெரிந்திருந்தும் சாதாரண கூலியாளாகவே அவர் சேர்க்கப்படக்கூடும்.

இக்குறையைப் போக்குவது தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழாகும். இது ஏழு மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ் மட்டங்கள். 5, 6 டிப்ளோமா மட்டங்கள். 7 பட்ட மட்டமாகும். எனவே பட்டறையில் தொடங்கும் பாதை பட்டம் வரையும் செல்லக்கூடியது. ஏற்கெனவே வேலை செய்து பழகியோர், 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்னும் முறையின் கீழ்த் தமது திறனை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி இச்சான்றிதழைப் பெறலாம்.

கவனிக்க வேண்டியவை

• பயிற்சி நிலையமும் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்யப்பட்டவையா என விசாரித்தறிக.
• பயிற்சிக் காலம், நேரம், கொடுப்பனவு என்பவற்றை எழுத்தில் பெறுக. எழுத்தில் இல்லாத பயிற்சி, ஊதியமற்ற வேலையாக மாறிவிட இடமுண்டு.
• அன்றாடம் கற்றவற்றை நாட்குறிப்பேட்டில் பதிந்து மேற்பார்வையாளரின் கையொப்பத்தைப் பெறுக.

முடிவு

பரீட்சைப் பெறுபேறு மாணவர் கற்றதைக் காட்டுகின்றது. பயிலுநர் பயிற்சி அவரால் செய்ய முடிந்ததைக் காட்டுகின்றது. இரண்டையும் சான்றுடன் வைத்திருப்பவருக்கே வேலைவாய்ப்பின் வாயில் எளிதில் திறக்கும். ஆகவே மாணவர்களே, பாடங்களை நன்கு கற்பதோடு, விரும்பும் தொழிலுக்கான பயிற்சி எங்குண்டு என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

மீட்டல் வினாக்கள்

1. பயிலுநர் பயிற்சி என்பதை வரைவிலக்கணப்படுத்துக.
2. தேசிய தொழில் தகைமையின் ஏழு மட்டங்களையும் வகைப்படுத்துக.
3. "கைத்திறன் மட்டும் போதாது, அதற்குச் சான்றும் வேண்டும்." உதாரணம் தந்து விளக்குக.