காலின் ஓசை காதில் விழட்டும்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் பரதம் பயில்கிறாள். வகுப்பில் பிசகாத அடவு, வீட்டில் கண்ணாடி முன்னால் ஆடும்போது பிசகுகிறதாம்.

வீட்டுத் தரை என்ன என்று கேட்டு எழுதினேன். நினைத்தபடியே கார்பெட். விக்டோரியா காலத்து வரிசை வீடுகளைப் பிரித்துக் கட்டிய மாடி ஃபிளாட்டுகளில், கீழே சத்தம் போகாதிருக்கக் கார்பெட் போடச் சொல்லும் ஒப்பந்தங்கள் லண்டனில் சகஜம். அதில் ஆடும் பெண்ணுக்குத் தன் காலின் ஓசையே கேட்காது.

தட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். அரைமண்டியில் பாதம் முழுதும் ஒருசேரத் தரையில் பட்டால் ‘டப்’ என்று ஒற்றை ஓசை. விரல் முந்திக் குதிகால் பிந்தினால் ஓசை இரண்டாகச் சிதறும். கண்ணாடியில் இது தெரியாது. காதோ சில மில்லிசெகண்டு இடைவெளியையும் பிரித்தறியும். எப்போது தட்ட வேண்டும் என்பதை ஆசிரியரின் தட்டுக்கழி சொல்லும். சரியாகத் தட்டினோமா என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும். என் அம்மா தோசைக்கல்லின் சூட்டை அறிந்ததெல்லாம் தெளித்த நீரின் ‘சுர்’ரில்தான்.

அசைவைக் காதால் திருத்திக்கொள்ளும் இந்த வழியை மற்றவர்களும் முயன்றிருக்கிறார்கள். ஜெர்மனியில் துடுப்புப் படகு வீரர்களுக்குப் படகின் வேகமாற்றத்தையே சுருதியின் ஏற்ற இறக்கமாக்கிக் கேட்கவைத்துப் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வு. இரு மணிக்கட்டுகளையும் ஆட்ட வேண்டும். ஒரு கை மற்றதைவிடக் கால்பங்கு சுற்று பின்தங்கியே வர வேண்டும். செய்து பாருங்கள், கைகள் கேட்காது. ஒரு குழு தன் அசைவைத் திரையில் கோடாகப் பார்த்துப் பழகியது. இன்னொன்று ஒலியாகக் கேட்டுப் பழகியது. இரு குழுவும் தேறின. பிறகு திரையையும் ஒலியையும் நிறுத்தினார்கள். பார்த்துப் பழகியவர்கள் தடுமாறினார்கள். கேட்டுப் பழகியவர்களுக்குக் கற்றது கையிலேயே நின்றது!

நம் வகுப்புகளில் இப்போது தட்டுக்கழி இருந்த இடத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர். அதை அலறவிட்டால் இருபது குழந்தைகளின் காலோசையும் அதில் மூழ்கிவிடுகிறது. வீட்டிலோ கண்ணாடியும் செல்பேசிக் காணொளியும். ஓசையாலேயே வளர்ந்த கலையைக் கண்ணுக்கு மட்டும் பழக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

கடிதம் எழுதிய அம்மா, வகுப்பு நடக்கும் மண்டபத்தில் மரத்தரை இருந்தால் மகளைக் கொஞ்சம் முன்னதாகவே அழைத்துப் போங்கள். பாட்டு வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். அவளே சொல்லுக்கட்டைச் சொல்லி, மூன்று கால வேகத்திலும் தட்டட்டும். சமையலறை டைல்ஸில் மட்டும் ஆடவிடாதீர்கள். ஓசை கணீரென்று கேட்கும்; ஆனால் கெட்டியான டைல்ஸ் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.