பக்கத்துக்குள் அடங்கும் அட்டவணை

வேர்டு ஆவணத்தில் புதிதாகச் செருகிய அட்டவணை, எழுத்துக்கு ஒதுக்கிய அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு நெடுவரிசைகளுக்குச் சமமாகப் பங்கிடுகிறது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் மிஞ்சுவது 15.92 செ.மீ. ஆறு நெடுவரிசை என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 2.65 செ.மீ. நன்கொடைப் பட்டியல் ஒன்றில் வரிசை எண்ணுக்கு இவ்வளவு இடம் வீண், பெயருக்கோ போதாது.

தட்டச்சு தொடங்கியதும் கோடுகள் தாமாக நகர்வதுதான் பலரையும் திணறடிக்கிறது. ஊர் என்ற கட்டத்தில் ‘திருச்சிராப்பள்ளியிலிருந்து’ என்று அடித்தால், நடுவில் இடைவெளி இல்லாத அந்தச் சொல்லை வேர்டு உடைப்பதில்லை. அந்த நெடுவரிசையை அகலமாக்கிப் பக்கத்தில் இருப்பதை நெருக்குகிறது. வேற்றுமை உருபும் சொல்லுருபும் ஒட்டி நீளும் தமிழில் இந்தத் தொல்லை அதிகம்.

இதற்கான கடிவாளம், அட்டவணைக்குரிய லேஅவுட் பட்டையில் உள்ள ஆட்டோஃபிட் பொத்தான். அதில் மூன்று வழிகள் உண்டு. கன்டென்ட்ஸ் என்பதைத் தேர்ந்தால் உள்ளிருக்கும் எழுத்துக்கு ஏற்ப அகலம் அமையும். விண்டோ, அட்டவணையைப் பக்க அகலத்துக்குப் பொருத்தும். எக்செல்லிலிருந்து ஒட்டியது ஓரத்தைத் தாண்டி ஓடும்போது முதலில் செய்ய வேண்டியது இதுவே. மூன்றாவது, ஃபிக்ஸ்டு காலம் விட்த். இதில் அகலம் அசையாது. எழுத்து கீழே மடங்கி வரிசைதான் உயரும். அச்சுக்குப் போகும் பட்டியலுக்கு இதுவே நம்பகமானது. டேபிள் ப்ராப்பர்டீஸில் எண்ணுக்கு 1.2, பெயருக்கு 4.2, ஊருக்கு 3.4, தேதிக்கு 2.4, தொகைக்கு 2.2, குறிப்புக்கு 2.5 செ.மீ. என்று கொடுத்தால் கூட்டுத்தொகை 15.9, பக்கத்துக்குள் கச்சிதமாக அடங்கும். அகலம் அசையாததால் நீண்ட சொல் பாதியில் ஒடிந்தால் அந்த நெடுவரிசைக்கு மட்டும் எழுத்தளவைக் குறைக்கலாம்.

சுட்டியால் கோட்டை இழுத்தும் அகலத்தை மாற்றலாம். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் மற்ற நெடுவரிசைகள் அப்படியே இருக்க, அட்டவணையின் மொத்த அகலம் கூடும் அல்லது குறையும். ஏதாவது ஒரு கட்டம் தேர்வில் இருக்கும்போது இழுத்தால் அந்தக் கட்டத்தின் கோடு மட்டும் விலகிப் படிக்கட்டுபோல் ஆகிவிடும். இழுக்கும் முன் தேர்வை நீக்குவது அவசியம்.

வரிசை உயரத்துக்கு அட் லீஸ்ட், எக்ஸாக்ட்லி என இரண்டு அமைப்புகள். முன்னது குறைந்தபட்ச உயரம். எழுத்து கூடினால் வரிசையும் வளரும். பின்னது வளராது, மிஞ்சிய வரி கண்ணுக்குத் தெரியாமல் போகும். உயரம் மிகக் குறைந்தால் ‘ழு’, ‘ளூ’ போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழி வெட்டுப்படும். தமிழுக்கு அட் லீஸ்ட்தான் பாதுகாப்பு. வரிசை காரணமின்றி உயரமாகத் தெரிந்தால், பத்திக்குப் பின் விடும் இடைவெளியைப் பூஜ்யமாக்கிப் பார்க்க வேண்டும்.

பட்டியல் அடுத்த பக்கத்துக்கு நீண்டால் தலைப்பு வரிசையைத் தேர்ந்து ரிப்பீட் ஹெடர் ரோஸ் அழுத்த வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அது தானே வரும். ஆனால் நடுவில் கைப்பட பக்கத்தை முறித்திருந்தால் அங்கே வராது. ஒரே வரிசை இரண்டு பக்கங்களில் பிளந்து நிற்பதைத் தடுக்க, டேபிள் ப்ராப்பர்டீஸின் ரோ பிரிவில் உள்ள அலோ ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ் என்ற குறியை எடுத்துவிட்டால் போதும்.