நாற்பது வளைவும் ஒரு பகலும்

மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வரும்போது, ஆபீசுக்குப் போகவும் கறிகாய் வாங்கவும் என்று சொல்லிக்கொண்டுதான் வரும். ஆறு மாதம் கழிந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்காரர் பழைய பனியனால் அதைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு எங்கேயாவது மலைப்பக்கம் போய் வந்தால் என்ன?" என்று ஆரம்பிப்பார்.

இந்த "எங்கேயாவது" என்ற வார்த்தையில்தான் சங்கடம் எல்லாம் இருக்கிறது. எங்கே என்று முன்னதாகத் தீர்மானிக்காமல் கிளம்பியவர்கள் மத்தியான்னம் ஏதோ ஒரு லாரிக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டிருப்பார்கள். இல்லாவிட்டால் இருட்டின பிறகு காட்டு வழியில் அகப்பட்டுக்கொள்வார்கள். நல்ல மலைச் சாலையைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. அந்த வித்தை வண்டி ஓட்டுகிறவரைவிடப் பின்னால் உட்காருகிறவருக்கே அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பிரயாணத்தில் பாதி அபாயம் அவருடையது அல்லவா?

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். மலைகளுக்கு இத்தனை பக்கத்தில் குடியிருக்கும் பாக்கியம் தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் கிடையாது. வடக்கே நீலகிரி, மேற்கே பாலக்காட்டுக் கணவாய், தெற்கே ஆனைமலை. பாக்கியம் அதிகமானால் குழப்பமும் அதிகம். எந்த மலைக்குப் போவது?

முதலில் கணக்கு. வரைபடத்தில் நூறு கிலோமீட்டர் என்று பார்த்ததும், "இரண்டு மணி நேரம்!" என்பார் வீட்டுக்காரர். "ஏனுங்க, போன தடவையும் இதேதானுங்களே சொன்னீங்க?" என்று நீங்கள் கேட்டால் அதில் தப்பே இல்லை. சமவெளியில் மணிக்கு 45, 50 கிலோமீட்டர் போகும் வண்டி, மலையில் 20, 25 போனால் அதுவே அதிகம். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு 24. அங்கிருந்து வால்பாறைக்கு மலை ஏற்றம் 40. ஆகக்கூடி நூற்றுச் சொச்சம். காப்பிக்கும் இடுப்பு வலிக்கும் நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் நாலு மணி நேரம் ஆகிவிடும். திரும்பி வர நாலு. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை உள்ள பகலில் மிச்சம் இருப்பது நாலே மணி நேரம். ஆகவே நூறு, நூற்றுப் பத்து கிலோமீட்டர்தான் எல்லைக் கோடு. அதைத் தாண்டினால் இரவு தங்க வேண்டும். தங்க உத்தேசம் இல்லையென்றால் போகக் கூடாது.

எல்லைக் கோடு போட்டாகிவிட்டது. இனி அதற்குள் சாலையைத் தேட வேண்டும். அதற்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு. வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே காக்கை பறக்கும் தூரத்தையும் சாலையின் தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆழியாறும் வால்பாறையும் காக்கைக்குப் பக்கத்து ஊர்கள். சாலைத் தூரத்தில் பாதிகூட இராது. மிச்சத் தூரமெல்லாம் எங்கே போயிற்று? வளைவுகளில்! வரைபடத்தில் சாலை, தையல் பெட்டியிலிருந்து தவறி விழுந்த நூலைப்போல் சுருண்டு கிடந்தால் அதுதான் நீங்கள் தேடும் சாலை. இப்போது கைபேசியிலேயே மலையின் மேடு பள்ளம் தெரியும் படம் கிடைக்கிறது. சம உயரக் கோடுகள் நெருக்கி அடித்துக்கொண்டு இருக்கும் இடத்தில் சாலை அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறினால், அங்கே கொண்டை ஊசி வளைவு நிச்சயம்.

ஆனால் வளைவு மட்டும் போதாது. திம்பம் மலைப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறினால் பார்க்கிற காட்சியும் சாமானியமானதல்ல. ஆனாலும் அது மைசூர்ப் பக்கம் சரக்குப் போகும் நெடுஞ்சாலை. ஒரு பெரிய லாரி வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால், மேலும் கீழும் சகல வண்டிகளும் நிற்கும். காட்டு மிருகங்கள் அடிபட்டுச் சாகின்றன என்பதற்காக 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்த பாதை அது. உல்லாசமாகப் போய் வர அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு வழி. பர்லியார் வழியாகக் குன்னூர் போவது பிரசித்தமானது. 14 கொண்டை ஊசி வளைவுகள். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயிலும் அந்தப் பக்கம்தான் ஏறுகிறது. மற்றொன்று கோத்தகிரி வழி. 1820-களில் கலெக்டர் ஜான் சலிவன் நீலகிரிக்கு முதல் பாதை போட்டது சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாகத்தான். இரண்டாவது வழியில் ஏற்றம் சற்று நிதானம், கூட்டமும் குறைவு. புதிதாக மலை ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வது கோத்தகிரிதான். கோடைக்காலத்தில் மட்டும் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். அது தவிர 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு மின்-அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஏற்பட்டது. எந்த மலையானாலும் முதல் நாளே இதை விசாரித்துக்கொள்வது உத்தமம். வாயிற்படியில் போய் நின்றுகொண்டு வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில் பிரயோசனம் இல்லை.

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு போகும் சாலை இன்னொரு ரகம். மூணாறு வரை போனால் ஒரு பகலில் திரும்ப முடியாது. மறையூரோடு நின்றுவிடலாம். சந்தன மரக் காடும், பெயர் பெற்ற வெல்லமும் உள்ள ஊர். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வெல்லத்தில் ஒரு உருண்டை வாங்கி வந்தால் வீட்டில் பாயசத்துக்கும் ஆயிற்று.

இத்தனையும் சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் வால்பாறைதான். அதற்குக் காரணம் உண்டு.

ஆழியாறு அணையைத் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடியில் பெயர் கொடுத்துவிட்டு உள்ளே போகிறோம். குரங்கு அருவி வருகிறது. அப்புறம் ஒன்று, இரண்டு என்று எண் போட்ட பலகைகள் ஆரம்பமாகின்றன. மொத்தம் 40. குழந்தைகளானால் வாய்விட்டு எண்ணத் தொடங்கிவிடும். பெரியவர்கள் மனத்திற்குள் எண்ணுவார்கள். வெறும் பாறையும் முள் மரமுமாக வெயில் அடிக்கும் சரிவு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அணையின் நீர் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். சாலை போட்ட எஞ்சினீயர் லோம் என்பவரின் பெயரால் 'லோம்ஸ் வியூ' என்று அந்த இடத்தைச் சொல்கிறார்கள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் ஒரு நீலப் புடவையை உதறி விரித்ததுபோல் கிடக்கும்.

அங்கே பாறை விளிம்பில் சாம்பல் பழுப்பாக ஏதோ நகர்ந்தால் ஆடு என்று அலட்சியம் செய்துவிடாதீர்கள். அது வரையாடு, நம் மாநில விலங்கு! இமயமலைக்குப் போனாலும் பார்க்கக் கிடைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது. செங்குத்தான பாறையில் குட்டியோடு அது நிற்கிற நிலையைப் பார்த்தால் நமக்குத்தான் அடிவயிறு கலங்கும். பிஸ்கட் நீட்டுவது கூடாது. நீட்டுகிறவர்களைப் பார்த்தால் சும்மா இருக்கவும் கூடாது.

மேலே போகப் போகக் காற்று மாறுகிறது. அட்டகட்டியைத் தாண்டியதும் சட்டென்று காடு, சட்டென்று தேயிலை. 1890-களிலிருந்து காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் பயிரிட்ட மலை இது. அந்தப் பச்சைப் பாயின் அழகை ரசிக்கும்போது, இதற்காக எவ்வளவு காடு போயிற்று, கூலிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள் என்ற நினைவும் கூடவே வரத்தான் செய்கிறது. ரொட்டிக்கடை என்று ஒரு ஊர். பெயரே பசியைக் கிளப்பும். புதுத்தோட்டம் அருகில் மரங்களின் மேல் கறுப்பு உடம்பும் முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியுமாகச் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமல் இருக்க அவற்றுக்கென்று மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

இனிப் பின் இருக்கைக்காரரின் விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டணத்தில் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பழகியிருப்போம். மலையில் அது வேண்டவே வேண்டாம். வண்டி வலப்பக்கம் சாயும்போது உடம்பு பின்புறமாக மல்லாக்கச் சரியும். இடப்பக்கம் சாயும்போது முன்புறமாக வழுக்கும். பிடித்துக்கொள்ள இருப்பது ஒரு கைதான். இருபுறமும் கால் போட்டு உட்காருவதற்கு ஏற்ற உடையும், பாதத்தை மூடும் செருப்பும் அணிந்துகொள்ளுங்கள். பாட்டிமார் முகம் சுளித்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும். சேலையோ துப்பட்டாவோ பறக்கக் கூடாது. பின் சக்கரத்தில் தலைப்பு சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் விவரித்து உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. 'சாரி கார்டு' என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அழகைக் கெடுக்கிறது என்று கழற்றி வைத்திருந்தால் முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் இரண்டு பேருக்கும் வேண்டும்.

வளைவில் என்ன செய்வது? ஓட்டுகிறவரோடு சேர்ந்து சாய வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி திரும்பாது, நேரே போகும். வண்டி இடப்பக்கம் திரும்பினால் அவருடைய இடது தோளுக்கு மேலாகப் பாருங்கள், வலப்பக்கமானால் வலது தோள். உடம்பு தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

வளைவில் எதிரே பஸ் வந்தால் நின்றுவிடுவதுதான் புத்தி. அந்த நீளமான வண்டி திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவை. டிரைவர் வேண்டுமென்று நம் பக்கம் வரவில்லை. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை அழுத்தியே பிடித்துக்கொண்டு வந்தால் அது காய்ந்து, கடைசியில் பிடிக்காமல் போகும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு குறைக்க முயன்றால் சறுக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிற கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாலணாச் சிக்கனத்துக்கு உயிரைப் பணயம் வைப்பானேன்? கியர் இல்லாத ஸ்கூட்டரில் போகிறவர்கள் – இப்போது பெண்கள் பலர் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள், பார்க்கச் சந்தோஷமாயிருக்கிறது – பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்திப் பிரேக்கை ஆற விடுவது நல்லது.

நேரத்தைப்பற்றி ஆரம்பத்தில் கணக்குப் போட்டேனே, அதற்கு இன்னொரு காரணம் யானை. ஆனைமலை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளில் பகலில் நின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் யானைகள் சாலையைக் கடக்கும். வால்பாறைப் பக்கம் சில இடங்களில் கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கைக் காணலாம். அக்கம்பக்கத்தில் யானை நின்றால், தகவல் தெரிந்தவர் கைபேசியிலிருந்து அழைத்து அதை எரியவிடுவார். தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு, கடைக்குப் போய் அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு இருட்டில் லயத்துக்கு நடந்து போகும் பெண்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் வரும். இரவு பஸ்ஸிலிருந்து இறங்குவதா, அடுத்த நிறுத்தத்துக்குப் போவதா என்று அவர்கள் அந்த விளக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

நாமோ ஒரு நாள் விருந்தாளிகள். அந்த விளக்கு எரியும் நேரம் வரை அங்கே இருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வால்பாறையில் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கெல்லாம் வண்டியைத் திருப்பிவிட்டால், மூடுபனி இறங்குவதற்குள் அட்டகட்டியைத் தாண்டி, வெயில் இருக்கும்போதே ஆழியாறு வந்து சேரலாம். அணைக்கரையில் மீன் வறுத்துக் கொடுக்கிறார்கள். மீன் சாப்பிடாதவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு, வந்த மலையை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். பொள்ளாச்சிச் சாலையில் புளிய மர நிழல் நீளத் தொடங்கும் நேரம் அது.