கற்றல் குறைபாடு: கண்டறிதலே முதற்படி

வகுப்பில் கேட்ட பாடத்தைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் மாணவன், அதையே எழுதச் சொன்னால் தடுமாறுகிறான். கடைக்கணக்கை மனத்திலேயே போடுபவன், பாடநூலை எழுத்துக் கூட்டியே வாசிக்கிறான். இதனைச் சோம்பல் என்பர் பெற்றோர். மந்தம் என்பர் ஆசிரியர். இரண்டும் தவறாக இருக்கக்கூடும்.

அறிவுத்திறன் இயல்பாக இருந்தும், மொழியை மூளை கையாளும் முறையிலுள்ள வேறுபாட்டால் வாசித்தலோ எழுதுதலோ கணக்கிடுதலோ கடினமாவதையே குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்கிறோம். வாசிப்பில் தோன்றுவது டிஸ்லெக்சியா, எழுத்தில் டிஸ்கிராபியா, கணக்கில் டிஸ்கால்குலியா. இது அறிவுசார் குறைபாட்டினின்று வேறானது. வயது ஏறினால் தானே மறைவதுமன்று. ஆயினும் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்சியால் நல்ல முன்னேற்றம் காணலாம்.

மகாராஷ்டிர அரசு 1996ஆம் ஆண்டிலேயே இத்தகைய மாணவர்க்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகளை அளித்தது. 1995ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் இடம்பெறாத இக்குறைபாடு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்கள், 8 வயது முதல் சான்றளிக்கவும், 14, 18 வயதுகளில் மீண்டும் மதிப்பிடவும் வகை செய்தன.

உரிமை உண்டு, அதை அடையும் வழி எளிதா என்பதே கேள்வி. மும்பையில் சயான் பகுதியிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் இக்குறைபாட்டை ஆராயும் பிரிவு உண்டு. தாராவிக்கு அது அண்மையிலேயே உள்ளது. ஆனால் தடை தொலைவு மட்டுமன்று. தாராவித் தமிழ்க் குழந்தை பலவற்றுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ. புதிய மொழியால் வரும் பின்னடைவு கற்றல் குறைபாடு ஆகாது. மறுபுறம், உண்மையான குறைபாடு 'மொழி தெரியாத பிள்ளை' என்ற பெயரில் மறைந்தும் போகலாம். எனவே குழந்தை நன்கறிந்த மொழியிலும் சோதித்தல் இன்றியமையாதது.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வசதியுள்ள பெற்றோர் தனியார் நிபுணரை நாடுவர். நாட்கூலியை இழந்து மருத்துவமனைக்குப் பலமுறை அலைய இயலாத பெற்றோருக்குப் பள்ளியே துணை. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஐயுற்றுப் பெற்றோரிடம் கூறி, பரிசோதனைக்கு அனுப்புவாராயின், தேர்வில் தோற்றபின் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளுள் சிலரையேனும் காக்கலாம். சட்டத்தின் பயன் தொடங்குமிடம் வகுப்பறையே.