வேனுக்குப் போன் போடுவதற்கு முன்

பிள்ளை போதைக்குப் போய்விட்டான் என்று தெரியவரும் நாளில், பெற்றவர்களுக்கு அவன் உடம்பைப் பற்றிய கவலைக்கும் முன்னால் போலீஸ் பயம் வந்து நிற்கிறது. அடுத்து அக்கம்பக்கத்துப் பயம். இவை இரண்டும் சேர்ந்துதான் அவர்களை அரசு மருத்துவமனைப் பக்கம் போகவிடாமல் தடுக்கின்றன. “ராத்திரியே வந்து கூட்டிட்டுப் போயிடுவோம், யாருக்கும் தெரியாது” என்று போனில் சொல்கிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்கவும் வைக்கின்றன. அந்தப் போலீஸ் பயம் தேவையற்றது. சிகிச்சை கேட்டு வருகிறவனைச் சட்டம் தண்டிக்கவில்லை, காக்கிறது. இது தெரியாததால் எத்தனையோ பிள்ளைகள் வதைபடுகிறார்கள், சிலர் செத்தும் போகிறார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். அவனுக்கு இப்போது வயது 22. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிடுகிறேன். ஆர்டர் அவசரம் என்றால் அங்கே ஒன்றரை ஷிப்ட், அதாவது காலையில் மெஷினில் உட்கார்ந்தால் இரவுதான் எழுந்திருக்க முடியும். முதுகு விட்டுப்போகும். கூட வேலை பார்த்தவன் ஒரு மாத்திரை கொடுத்தான். கடுமையான வலிக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் ஓபியாய்டு வகை மாத்திரை அது. “போட்டா வலியே தெரியாதுங்ண்ணா, தூக்கமும் வராது, கை பாட்டுக்கு ஓடும்” என்றான். கொஞ்ச நாளில் ஒன்று போதவில்லை, மூன்று ஆனது. பிறகு விழுங்குவதை விட்டு ஊசிக்கு மாறினான்.

அவன் அம்மா கவனித்ததை எல்லாம் மற்ற தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டான். பாத்ரூமுக்குள் போனால் வெகுநேரம் வரமாட்டான். மூக்கையும் கையையும் சொறிந்துகொண்டே இருப்பான். கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்கும். சில நாள் நேர்மாறாக மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் புல்லரிப்பு. அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். “கையில இருந்த புள்ளியக் கேட்டா கொசுக்கடிம்பான், நானும் நம்பிட்டேனுங்க.” கட்டில் மெத்தைக்கடியில் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் சிறிய ஊசியின் ஆரஞ்சு மூடி கிடைத்த அன்றுதான் அவருக்கு விளங்கியது.

விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. அதைக் கட்டியாக்க மாவும் டால்க் பொடியும் சேர்த்திருப்பார்கள். அவை ரத்தத்தில் கரைவதில்லை. நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன, நரம்பைக் கட்டியாக்குகின்றன. இதய வால்வில் கிருமி பிடித்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. ஒரே ஊசியை இரண்டு பேர் பகிர்ந்தால் ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும். ஊசிக்கு மாறிய பிள்ளைக்கு இந்த இரண்டு பரிசோதனைகளையும் தள்ளிப்போடாமல் செய்துவிட வேண்டும். ஹெபடைடிஸ் சி-யை மாத்திரையாலேயே குணப்படுத்த முடிகிற காலம் இது.

அம்மா அழுதார், அப்பா அடித்தார், தாய்மாமன் ஒரு நம்பர் வாங்கி வந்தார். நடு இரவில் வேன் வந்தது. நான்கு பேர் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவனின் கையைக் கட்டி ஏற்றினார்கள். மையத்துக்குப் போனதும் மொட்டையடித்தார்கள். போன் கிடையாது, மூன்று மாதத்துக்கு வீட்டார் பார்க்கக் கூடாது, பணம் மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். அந்த மூன்று மாதத்தில் மனநல மருத்துவர் ஒருவரைக்கூட அவன் பார்க்கவில்லை. அவனுக்கு அங்கே நடந்தவற்றில் பெரும்பகுதி சட்டவிரோதம் என்பது இன்றுவரை அந்தக் குடும்பத்துக்குச் சரியாகத் தெரியாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே, போதையிலிருந்து மீள வருபவருக்கு ஒரு நோயாளிக்கு உள்ள உரிமைகள் அத்தனையும் உண்டு. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். கட்டாய வேலை வாங்கக் கூடாது. சொந்த உடையை உடுத்திக்கொள்ளலாம். போனில் பேசுவதும், பார்க்க வருகிறவர்களைச் சந்திப்பதும் 26ஆம் பிரிவு தரும் உரிமை. சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவிலும் கூடாது என்கிறது 95ஆம் பிரிவு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். அந்தச் செய்தியை வாசித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு மையத்தில் சங்கிலி கிடக்கிறதென்றால் அதை மூடவைக்க வேண்டும்.

விருப்பமில்லாத ஒருவரைச் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். தன்னையோ பிறரையோ தாக்கும் நிலையிலோ, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருந்தால், குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் சேர்க்க 89ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதலில் 30 நாள்தான் அனுமதி. சேர்த்த விவரத்தை மனநல ஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். சேர்க்கப்பட்டவர் அதை எதிர்த்து வாரியத்தில் முறையிடலாம். 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் காலம் முழுவதும் பெற்றவரோ பாதுகாவலரோ கூடவே தங்க வேண்டும். “பிள்ளையை விட்டுட்டு நீங்க கிளம்புங்க” என்று ஒரு மையம் சொல்கிறதா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மையத்தில் கால் வைத்ததும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாளில் வருவார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பார்வையில் படும்படி எழுதியிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துபவருக்கு முதல் முறை 50,000 ரூபாய் வரையும், திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

எல்லா மையங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, இதை நோயாகப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று. நோயாளிக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்துக்கும் ஆலோசனை தேவை என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இனி அந்தப் போலீஸ் பயத்துக்கு வருகிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை கோர்ட்டிலும் காவல் நிலையத்திலும் என்.டி.பி.எஸ். என்பார்கள். அதன் 27ஆம் பிரிவுப்படி போதைப்பொருளை உட்கொள்வது குற்றம்தான். ஹெராயின், கொக்கைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையும், கஞ்சா உள்ளிட்ட மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும் சிறை விதிக்கலாம். அபராதமும் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். தண்டனை விதிக்கும் கட்டத்திலும், சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வழக்கே இல்லாமல் ஓ.பி. சீட்டு எடுத்து டாக்டர் முன் உட்காரும் பையனுக்குப் பயப்பட என்ன இருக்கிறது? அவன் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை.

சிறிய அளவு என்பதற்குக் கணக்கு உண்டு. கஞ்சாவுக்கு 1 கிலோ, ஹெராயினுக்கு 5 கிராம். கஞ்சா 20 கிலோவும் ஹெராயின் 250 கிராமும் வணிக அளவின் எல்லைகள். அதைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு சிறை, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். கலப்படத்தோடு சேர்ந்த மொத்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ‘நண்பனுக்காக வாங்கி வந்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. தன் செலவுக்குப் போக மிச்சத்தை விற்கத் தொடங்குகிற பையன் 64ஏ கதவை விட்டு வெளியே போய்விடக்கூடும். விற்கிறவர்களும் அவனை அந்தப் பக்கம் இழுக்கவே பார்ப்பார்கள். கைச்செலவுக்குக் காசில்லாதவனைக் கூரியர் ஆக்குவது எளிது.

பிடிபட்டால் என்ன செய்வது? உடலைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்பதை அவனிடம் சொல்ல வேண்டும். இது 50ஆம் பிரிவு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பிள்ளையை வைத்துப் போதைப்பொருள் கடத்தியவருக்கும் அதே தண்டனை. பையில் பொட்டலம் அகப்பட்டதும் மாணவன் கையில் டி.சி.யைத் திணித்து அனுப்பும் தலைமை ஆசிரியர்கள், கொடுத்தவன் யார் என்று தேடிப் புகார் செய்வதே இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் திருப்பூர்ப் பையன் மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். உடம்பு தேறியிருந்தது. அப்பா புது போன் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே பழைய கூட்டாளியைச் சந்தித்து, பழைய அளவையே போட்டுக்கொண்டான். மூச்சு நின்றுவிடும் போல ஆகி, உதடு நீலம் பாய்ந்து, குறட்டை போன்ற சத்தத்தோடு கிடந்தவனை 108 ஆம்புலன்ஸ்தான் காப்பாற்றியது.

போதை நின்ற சில வாரங்களிலேயே உடம்பு தன் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. முன்பு சாதாரணமாக ஏற்றுக்கொண்ட அளவு இப்போது கொல்லும் அளவு. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஓபியாய்டு பழக்கத்தில் உயிருக்கு மிக ஆபத்தான காலம். குடும்பங்கள் அந்த நேரத்தில்தான் ‘முடிந்தது’ என்று நிம்மதியாகின்றன. இப்படி மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108ஐ அழையுங்கள், என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டு மயக்கத்தை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. உப்புத் தண்ணீர் புகட்டுவதும் தூங்கட்டும் என்று விடுவதும் உயிரைப் போக்கிவிடும்.

பிறகு அவன் அரசு மருத்துவமனைக்குப் போனான். அங்கே நாக்கடியில் வைத்துக் கரையவிடும் புப்ரெனார்பின் மாத்திரையைத் தந்தார்கள். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று தாய்மாமன் சண்டைக்கு வந்தாராம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005 முதல் இருக்கும் மருந்து அது. ஏக்கத்தையும் உடல் முறுக்கலையும் அடக்கி, ஊசியைத் தொடாமல் வேலைக்குப் போக வைக்கும். எத்தனை மாதம், எத்தனை வருடம் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கஞ்சாவுக்கும் மெத்தாம்பெட்டமினுக்கும் இப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. அவற்றுக்கு மனநல ஆலோசனைதான் முதன்மை, காதில் குரல் கேட்பது போன்ற கோளாறு வந்திருந்தால் அதற்கு மருந்து. குடியையும் தூக்க மாத்திரையையும் மட்டும் வீட்டில் அடைத்துவைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்து உயிரே போகலாம்.

அவன் ஒரு தடவை மறுபடியும் வழுக்கினான். அன்றே அம்மாவிடம் சொன்னான், மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். இந்த நோயில் வழுக்கல் சகஜம். அதைச் சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போது வேறு கம்பெனியில் செக்கிங் வேலை, ஒரே ஷிப்ட். “சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தா கால் தானா அந்தப் பக்கம் போயிருமுங்ண்ணா. அதான் அம்மா அக்கவுன்ட்டுக்கே போடச் சொல்லிட்டேன்” என்றான்.

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. நாட்டில் ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்துவோர் 2.26 கோடிப் பேர் என்று மதிப்பிட்ட அந்த ஆய்வு, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்குத்தான் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் 2025இல் திறக்கப்பட்டிருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416, இரண்டில் எதை வேண்டுமானாலும் அழையுங்கள். இரண்டும் இலவசம். நாளைக் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓ.பி. வரிசையில் போய் நில்லுங்கள்.