பால்டிக் கடலுக்கு மூச்சுத்திணறல் ஏன்? அடிச்சேறு சொல்லும் 8,000 வருஷக் கதை

வட ஐரோப்பாவில் சுவீடன், பின்லாந்து, போலந்து உட்பட ஒன்பது நாடுகளுக்கு நடுவே இருக்கிறது பால்டிக் கடல். இதன் ஆழமான பகுதிகள் பலவற்றில் மீனோ, புழுவோ, சிப்பியோ வாழ முடியாது. காரணம், அங்கே தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. இது இயற்கையா, மனிதன் செய்த வேலையா? பதில் கடலடிச் சேற்றில் இருக்கிறது.

சேற்றை எப்படிப் படிக்கிறார்கள்?

ஆற்று மண்ணும் இறந்த பாசிகளும் கடலடியில் அடுக்கடுக்காகப் படியும். நீளமான குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் சேற்றை மேலே எடுக்கிறார்கள் விஞ்ஞானிகள். கீழே போகப் போக காலமும் பின்னால் போகும்.

ஆக்சிஜன் இருந்தால் புழுக்களும் சிப்பிகளும் சேற்றைக் கிளறி, அடுக்குகளைக் கலந்துவிடும். இல்லையென்றால் கிளற ஆளே இல்லை. அடுக்குகள் வரி வரியாக அப்படியே நிற்கும். வரி தெரிந்தால், அப்போது கடலடி மூச்சுத்திணறியது என்று அர்த்தம்.

வருஷம் எப்படித் தெரியும்?

1986 செர்னோபில் அணு உலை விபத்தில் பரவிய சீசியம்-137 பால்டிக்கிலும் விழுந்தது. அது அதிகமாக இருக்கும் அடுக்கை வைத்து மற்ற அடுக்குகளின் வயதைச் சரிபார்க்கலாம். இன்னும் பழைய அடுக்குகளுக்கு கார்பன் முறை கைகொடுக்கிறது.

அப்போ இது இயற்கைதானா?

பாதி உண்மை. பனியுகம் முடிந்த பிறகு பால்டிக் சில காலம் நன்னீர் ஏரியாகவே இருந்தது. அடிச்சேற்றில் கிடைக்கும் நன்னீர்ப் பாசிகளின் ஓடுகளே சாட்சி. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் டென்மார்க் நீரிணைகள் வழியாக உப்புநீர் நிலையாக உள்ளே வந்தது. கனமான உப்புநீர் அடியில் தங்க, லேசான நீர் மேலே மூடியது. மேலே இருக்கும் ஆக்சிஜன் கீழே இறங்குவது கஷ்டமானது. அதனால் வரி வரியான அடுக்குகள் பழங்காலத்திலும் உண்டு.

இப்போது என்ன வித்தியாசம்?

வேகம்தான். 2014-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆக்சிஜன் குறைந்த பரப்பு சுமார் 115 ஆண்டுகளில் 5,000 சதுர கிலோமீட்டரில் இருந்து 60,000-க்கு மேல் போய்விட்டது. வயல் உரமும் கழிவுநீரும் கொண்டுவந்த நைட்ரஜன், பாஸ்பரஸ்தான் முக்கியக் காரணம். இவற்றால் பாசி பெருகுகிறது. அது செத்து அடியில் மக்கும்போது, மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துவிடுகிறது.

பாதிப்பு மீனவர்களுக்கும்தான். காட் மீனின் முட்டைகள் ஆழமான உப்புநீரில் மிதப்பவை. ஆக்சிஜன் இல்லாவிட்டால் பிழைக்காது. கிழக்கு பால்டிக்கில் காட் மீன்வளம் சரிந்ததால், 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே அந்த மீனைப் பிடிக்கத் தடை போட்டது.

சரியாகிவிடுமா?

கழிவைக் குறைக்க 1974-லேயே கரையோர நாடுகள் ஹெல்சின்கியில் ஒப்பந்தம் போட்டன. கடலுக்கு வரும் சத்துக்கழிவு பிறகு குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் இல்லாத சேறு, பழைய பாஸ்பரஸை மறுபடி தண்ணீருக்குள்ளேயே விடுகிறது. குழாயை மூடினாலும் பழைய கடன் உள்ளே இருக்கிறது. அது தீர்ந்து, புதுச் சேற்றைப் புழுக்கள் மறுபடி கிளறத் தொடங்கினால், கடலடி மூச்சுவிட ஆரம்பித்துவிட்டது என்று நம்பலாம்.