மனையை உயர்த்தாதீங்க, கட்டடத்தை உயர்த்துங்க: தொழிற்பயிற்சி வளாகமும் பழைய மரங்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பல்களை எடுத்துவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் கிடையாது, மண்ணு. காரைக்கால் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஊர் பேர் வேணாம். அவங்க கேட்டது இதுதான்:

"அண்ணா, எங்க பக்கத்துல தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வரப்போகுதுன்னு ரொம்ப நாளா பேச்சு இருக்கு. அதுக்குன்னு எல்லாரும் கைகாட்டுற மனையில பெரிய பெரிய மரமா நிக்குது. என் தம்பி பத்தாவது முடிச்சிட்டு வெல்டர் படிக்கணும்னு இருக்கான். அவனுக்கு அந்தக் கட்டடம் வேணும். எனக்கு அந்த மரமும் வேணும். நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

நேர்மையான கேள்வி. ரெண்டுல ஒன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லைங்கிறதுதான் என் பதில். ஆனா அதுக்கு, "மரத்தை வெட்டுவீங்களா, மாட்டீங்களா?"ன்னு கேக்கிறதை முதல்ல நிறுத்தணும். அந்தக் கேள்விக்கு "வெட்ட மாட்டோம்"னு உண்மையாவே பதில் சொல்லிட்டு, மரத்தைக் கொன்னுடலாம். நான் பார்த்திருக்கேன்.

வெட்டாத வேம்பு

நான் இன்ஜினியரிங் படிச்ச காலேஜ்ல ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி ஒரு வேம்பு இருந்துச்சு. ரெண்டு பேர் கைகோத்தாத்தான் கட்டிப்பிடிக்க முடியும். நான் சேர்ந்த வருஷம் அது பக்கத்துல புது பிளாக் கட்டினாங்க. மரத்தை வெட்டல. அதுல அவங்களுக்குப் பெருமையும் இருந்துச்சு. சுத்தி மூணு அடி மண் அடிச்சு, சமமாக்கி, தண்டை ஒட்டி வட்டமா கிரானைட் திண்ணை கட்டி, மிச்ச இடத்துல பேவர் பிளாக் போட்டாங்க. நாங்களும் அதுல உக்காந்து போட்டோ எடுத்தோம்.

ரெண்டாம் வருஷம் உச்சிக்கிளை காஞ்சுது. மூணாம் வருஷம் ஒரு பக்கம் இலையே இல்ல. ஃபைனல் இயர்ல வெட்டிட்டாங்க. காரணம் கேட்டா, "மரத்துக்கு வயசாயிடுச்சுப்பா"ன்னாங்க. கட்டட வேலை பத்தின ஃபைல்ல அது இன்னைக்கும் காப்பாத்தப்பட்ட மரமாத்தான் இருக்கும்.

எங்க சித்தப்பா கொத்தனார் மேஸ்திரி. அவர்கிட்ட இதைச் சொன்னேன். "தம்பி, ஆளை வெட்டல, மூக்கைப் பொத்திட்டாங்க"ன்னாரு. இதைவிடச் சரியா சொல்ல முடியாது.

வேர் எங்க இருக்கு?

ஸ்கூல் புக்ல மரத்துக்குக் கீழ இன்னொரு மரத்தைத் தலைகீழா நட்ட மாதிரி வேர் வரைஞ்சிருப்பாங்க. நிஜத்துல பெரும்பாலான மரங்களுக்கு வேர் ஆழத்தைவிட அகலமாத்தான் ஓடும். தண்ணியும் சத்தும் உறிஞ்சுற மெல்லிய வேர்கள்ல பெரும்பங்கு மேல் ரெண்டு அடி மண்ணுக்குள்ளயே இருக்கும், கிளை விரிஞ்ச இடத்தையும் தாண்டிப் போயிருக்கும். ஏன்னா வேருக்கும் ஆக்ஸிஜன் வேணும். மண்துகள்களுக்கு நடுவுல இருக்கிற காத்துதான் அதோட மூச்சு.

இப்ப ஒரு கட்டுமான இடத்தை நினைச்சுப் பாருங்க. ஜேசிபி நாலு தடவை போய் வந்தா அந்த இடைவெளி நசுங்கிடும். மேல ஒரு அடி மண் கொட்டினாலே பல மரங்களுக்கு மூச்சு முட்டும். கான்கிரீட் மிக்சர் கழுவின தண்ணி மண்ணைக் காரமாக்கிடும். கேபிளுக்கும் செப்டிக் டேங்க் குழாய்க்கும் நேரா ஒரு பள்ளம் வெட்டினா அந்தப் பக்கத்து வேர் மொத்தமும் போச்சு. இத்தனைக்கும் தண்டுல ஒரு கீறல் கூட இருக்காது.

நம்ம பாஷையில சொன்னா, பக் உள்ள போன நாள் ஒன்னு, ஆப் கிராஷ் ஆகுற நாள் ஒன்னு. மரம் சேமிச்சு வச்ச சத்துல சில வருஷம் ஓட்டும். அது சாகுறதுக்குள்ள ஒப்பந்ததாரர் பில் வாங்கிட்டுப் போயிருப்பாரு.

வேர் போன மரம் நின்னாலும் ஆபத்துதான். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ டெல்டாவுல மரங்கள் எப்படிச் சாஞ்சுதுன்னு நாம பார்த்தோம். ஒரு பக்கம் வேர் அறுத்த மரத்தைப் பசங்க நடமாடுற இடத்துல நிக்க வைக்கிறது, ஒரு காலை உடைச்சிட்டு ஆளை நிக்கச் சொல்ற மாதிரி.

ஒரு டேப், ஒரு பெருக்கல்

அப்ப எவ்வளவு இடம் விடணும்? இதுக்கு உலகத்துல பல இடங்கள்ல எடுத்துக்கிற ஒரு கணக்கு, 2012-ல வந்த பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 5837-ல இருக்கு. தண்டோட விட்டத்தை நெஞ்சு உயரத்துல அளந்து 12-ஆல பெருக்கணும். அந்தத் தூரத்தை ஆரமா வச்சு மரத்தைச் சுத்தி ஒரு வட்டம். அதுக்குள்ள தோண்டக் கூடாது, கொட்டக் கூடாது, வண்டி ஏத்தக் கூடாது, சிமென்ட் கலக்கக் கூடாது. ஆரத்துக்கு உச்சவரம்பு 15 மீட்டர்.

விட்டம் அளக்கிறது கஷ்டம். தையல் டேப்பால சுற்றளவை எடுத்து 4-ஆல பெருக்கினா போதும், கொஞ்சம் தாராளமாவே வரும். சுற்றளவு ஒன்றரை மீட்டர் இருக்கிற வேம்புக்கு 6 மீட்டர் ஆரம். பரப்பு 113 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,200 சதுர அடி. நம்ம ஊர்ல ரெண்டு பெட்ரூம் வீடு கட்டுற இடம். தண்டை ஒட்டிக் கட்டின திண்ணை எவ்வளவு சின்னதுன்னு இப்பப் புரியுதா?

"ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வீட்டு மனையா? அப்புறம் எங்க கட்டுறது?"ன்னு கேப்பீங்க. எல்லா மரத்துக்கும் வேணாம். அதே ஸ்டாண்டர்ட் மரங்களைத் தரம் பிரிக்கச் சொல்லுது. பல வருஷம் நல்லா இருக்கப்போற பெரிய மரம் முதல் தரம், பட்டுப்போய் விழப்போற மரம் கடைசி. சீமைக்கருவேலப் புதரும், நெருக்கி நட்ட சவுக்கும் போனா யாரும் அழப்போறதில்ல. பழைய புன்னை, வேம்பு, இலுப்பை, பூவரசு, பனை எது எதுன்னு பட்டியல் எடுங்க. அஞ்சு ஏக்கர் மனையில உண்மையிலேயே விட்டுக்கொடுக்கக் கூடாத மரம் கைவிரல்ல எண்ணுற அளவுதான் வரலாம். அந்த வட்டங்களை முதல்ல வரைபடத்துல போட்டுட்டு, மிச்ச இடத்துல கட்டடத்தை வைக்கணும். லேஅவுட் முடிஞ்ச பிறகு மரத்தைத் தேடினா, மரம் எப்பவும் "குறுக்க நிக்கிற" பொருள்தான்.

மேடு

இங்கதான் நம்ம மண்ணோட பிரச்சனை வருது. நான் கோட்டுச்சேரிமேட்டுக்காரன். தெரியாதவங்களுக்கு: காரைக்கால், புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனா சுத்தியும் தமிழ்நாடு. கோட்டுச்சேரி உள்ள இருக்கு, எங்க மேடு கடலை ஒட்டின மீனவ ஊர். எங்க பக்கத்து ஊர் பேர்களைப் பாருங்க: கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, காரைக்கால்மேடு. மேடு பார்த்து உக்காந்த ஊருங்கன்னு பேரே சொல்லுது.

இப்ப நாம மேட்டைத் தேடுறதில்ல, லாரியில கொண்டு வந்து கொட்டுறோம். மழை வந்தா தண்ணி நிக்கும், ரோடு போடப் போட உசந்துகிட்டே போகுது. அதனால வீடோ ஸ்கூலோ, முதல் வேலை மனை முழுக்க மூணு அடி, நாலு அடி மண் அடிக்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனா டெல்டாவுல இந்தப் பழக்கம் மரத்துக்குக் கோடாலியைவிட மோசம். அதோட, நம்ம மனையில நின்ன தண்ணி பக்கத்து வீட்டுக்குள்ள போகும்.

மாத்து வழி இருக்கு. மனையை உயர்த்தாம கட்டடத்தை மட்டும் உயர்த்துறது. கடலோர இளகுன மண்ணுல பல கட்டடத்துக்கு எப்படியும் பைல் போடவேண்டியிருக்கும். அந்தத் தூண்களை வேர் இல்லாத இடமா பார்த்து இறக்கி, அதுக்கு மேல பீமைத் தரைக்குக் கொஞ்சம் உசரத்துல ஓட்டினா, நீளமா அஸ்திவாரப் பள்ளம் வெட்ட வேண்டியதில்ல. பில்டிங் உசரத்துல, மண்ணு அதோட பழைய மட்டத்துல. நடைபாதையையும் அதே மாதிரி தூக்கிக் கட்டலாம், சாய்தளம் வைக்கலாம்.

மண் அடிச்சே ஆகணும்னா, மரத்தோட வட்டத்துக்கு வெளியில தடுப்புச் சுவர் கட்டி அதோட நிறுத்துங்க. உள்ள தேங்குற தண்ணி வெளிய போக ஒரு வழியும் வேணும், இல்லன்னா அது குட்டை ஆயிடும்.

வீடு வந்துச்சு, நிழல் போச்சு

இது ஏதோ புதுக் கவலை இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி அப்போ எனக்கு ஏழு வயசு. அதுக்கப்புறம் நம்ம கடற்கரை முழுக்கக் குடியிருப்புகள் எழும்புச்சு. தமிழ்நாட்டுக் கடலோரத்துல நடந்த அந்த வீட்டு வேலைகளைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஜெனிஃபர் டுய்ன் பேரன்ஸ்டைனும் கூட இருந்தவங்களும் ஆராய்ஞ்சாங்க. மனையை முழுசா காலி பண்ணினாத்தான் வேலையைத் தொடங்குவோம்னு ஒப்பந்ததாரர்கள் நின்னதால ஊர் மரங்கள் போன கதையை அவங்க பதிவு பண்ணியிருக்காங்க.

மீனவ ஊர்ல மரத்தடின்னா சும்மா அழகுக்கு இல்ல. வலை பின்னுற இடம் அது, பஞ்சாயத்து கூடுற இடம், மத்தியானம் புள்ளையைத் தூங்க வைக்கிற இடம். சிமென்ட் வீட்டுக்குள்ள அது எதுவும் நடக்காது. கெட்ட எண்ணத்துல யாரும் வெட்டல. அவசரம், வரைபடம் ஒன்னு, வீடு ஆயிரம். காலி மனைதான் வேலைக்குச் சுலபம்.

இதுக்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கு. 1970-களின் தொடக்கத்துல திருவனந்தபுரத்துல லாரி பேக்கர் கட்டின வளர்ச்சி ஆய்வு மையம், சிடிஎஸ். சுமார் 10 ஏக்கர் சரிவு நிலம். அவர் சரிவைச் சமமாக்கல. மரம் வந்த இடத்துல சுவர் வளைஞ்சு போகும், முற்றம் திறக்கும். செங்கல் சுவர்ல ஓட்டை ஓட்டையா ஜாலி விட்டுக் காத்தையும் உள்ள இழுத்தாரு. ஆடம்பரச் செலவுல செஞ்சதில்ல. செலவைக் குறைச்சுக் கட்டுறதுக்குப் பேர் போன ஆள் அவர்.

தொழிற்பயிற்சி வளாகம்னா என்ன வித்தியாசம்?

ஆராய்ச்சி மையத்துக்கு வளைஞ்ச சுவர் சரி. வெல்டர், ஃபிட்டர், டர்னர் டிரேடுக்கு வளைவு உதவாது. ஒர்க்‌ஷாப் நீளமான, தூணில்லாத நேர் ஷெட்டா இருக்கணும். லேத் மிஷினுக்குத் தரை அசையக் கூடாது. கம்பி ஏத்தின லாரி வாசல் வரைக்கும் வரணும். அதனால மனையில மரம் இல்லாத பக்கத்தை ஒர்க்‌ஷாப்புக்கு ஒதுக்குங்க. மண் அடிக்கிறதும் அதுக்கு அடியில மட்டும். வகுப்பறை, கேன்டீன், ஹாஸ்டல் எல்லாம் வளைஞ்சு கொடுக்கும். அதெல்லாம் மரங்களுக்கு நடுவுல போகட்டும்.

தகர ஷெட்டுக்குள்ள மே மாசம் வெல்டிங் பழகுற பையனுக்கு, மேற்குப் பக்கம் ஒரு பெரிய மரம் நின்னா எப்படி இருக்கும்னு விளக்க வேண்டியதில்ல.

இன்னொன்னு. ஐடிஐ-ல சர்வேயர், சிவில் டிராஃப்ட்ஸ்மேன்னு டிரேடே இருக்கு. மரத்தை அளந்து வரைபடத்துல வட்டம் போடுறது அந்தப் பசங்களுக்கே ஒரு நல்ல ப்ராக்டிகல்.

"ஒன்னுக்குப் பத்து நடுறோம்"

இதையும் சொல்லுவாங்க. இல்லன்னா, "வேரோட பெயர்த்து வேற இடத்துல நடுறோம்"பாங்க. டெல்லியில இதுக்குன்னு 2020-ல ஒரு கொள்கையே போட்டாங்க, பெயர்த்து நட்டதுல 80 சதவீதம் பிழைக்கணும்னு. ஆனா 2022-ல டெல்லி அரசு ஹைகோர்ட்ல கொடுத்த கணக்குப்படி, முந்தின சில வருஷத்துல பெயர்த்து நட்ட மரங்கள்ல மூணுல ஒன்னுதான் பிழைச்சிருந்துச்சு. தென்னை மாதிரி சல்லிவேர் மரம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். முதிர்ந்த வேம்புக்கு அது பெரிய ஆபரேஷன். கன்னு நடுறது நல்லதுதான், நடட்டும். ஆனா அது உங்க தம்பியோட பேரனுக்கான நிழல்.

அப்ப என்ன கேக்கணும்?

தங்கச்சி, உங்களுக்கு நாலு கேள்வி தர்றேன்.

ஒன்னு: மரங்களோட இடமும் சுற்றளவும் குறிச்ச சர்வே வரைபடம் இருக்கா? லேஅவுட் அதுக்கு முன்னாடி வரைஞ்சதா, பின்னாடியா?

ரெண்டு: மனை முழுக்க மண் அடிக்கப் போறீங்களா, கட்டடத்துக்கு அடியில மட்டுமா?

மூணு: வேலை தொடங்குறதுக்கு முன்னாடி வட்டத்தைச் சுத்தி வேலி வருமா? சவுக்குக் கம்பும் பச்சை வலையும் போதும். ஆனா அது டெண்டர்ல செலவுக் கணக்கோட ஒரு ஐட்டமா இருக்கணும். டெண்டர்ல இல்லாத வேலையை எந்த மேஸ்திரியும் செய்ய மாட்டாரு. இதைச் சொன்னதும் எங்க சித்தப்பாதான்.

நாலு: கேபிளும் குழாயும் எந்த வழியா போகுது? வட்டத்துக்குள்ள போய்த்தான் ஆகணும்னா, ஜேசிபி வேணாம், கையால தோண்டி வேருக்கு அடியில நுழைக்கட்டும்.

நேர்ல பதில் வரலன்னா, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. 30 நாளுக்குள்ள பதில் தரணும். நேரம்தான் முக்கியம். டெண்டர் விடுறதுக்கு முன்னாடி கேட்டா இது ஒரு கோடு மாத்துற வேலை. ஜேசிபி வந்த பிறகு கேட்டா சண்டை.

தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. "எங்களுக்குக் கட்டடம் வேணும், சீக்கிரமே வேணும், இப்படி வேணும்"னு அங்க படிக்கப்போற பையன் சொல்லும்போது, வளர்ச்சியைத் தடுக்க வந்தவங்கன்னு உங்களை யாரும் ஒதுக்க முடியாது.

டேப் எடுத்து அளந்தீங்கன்னா, எந்த மரம், எவ்வளவு வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் போடுங்க. நான் ஊருக்குப் போறப்போ எங்க தெருமுனைப் பூவரசை அளக்கப் போறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.